அஞ்சாயிரம் முடியும் ஒரே நாற்றங்காலும்

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் கடும் பனி. கல்வராயன் மலை இருக்கிறதா, யாராவது சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா, தெரியவில்லை. வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினேன். வளைவில் எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "லைட்டை அணைச்சிடு மாமா, உன் மண்டை வெளிச்சமே கள்ளக்குறிச்சி வரிக்கும் போதும்!"

மலையில் என் மினி லாரிக்குப் பெயர் சொட்டையர் வண்டி. நம்பர் பிளேட் தேவையில்லை.

துருக்கி விசா வந்துவிட்டது. டிக்கெட்டும். இரண்டும் சென்னையில் வேலை பார்க்கும் மகள் கயலின் ஏற்பாடு. உலகத்து வழுக்கைகள் எல்லாம் யாத்திரை போகும் இஸ்தான்புல்லுக்கு நானும் போகிறேன். கூடவே என் மனைவி தனம்.

வெள்ளிமலைச் சந்தையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மார்ச்சுல பாருங்க. இந்த மலைக்காடு மொத்தமும் என் தலையில இருக்கும். கரடி வந்து குடியிருக்கும்!" கிழங்கு போட வந்த சின்னையன் சொன்னான்: "கரடி இருக்கட்டும் மாமா, மொதல்ல புல்லு மொளைக்கட்டும்." சந்தையே சிரித்தது.

இன்னாத்துக்கு இந்த ஆட்டம் என்று தனம் கேட்கிறாள். சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். போன ஐப்பசியில் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து, "தாத்தா, உக்காருங்க" என்றது. எனக்கு வயது நாற்பத்தொன்பது. உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய.

ஜனவரி 22, வியாழன்

வெயில். டயர் பஞ்சர். பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்க வேண்டும்.

ஆஸ்பத்திரி பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் இன்று வீடியோவில் வருவதாக ஏற்பாடு. அவர் விளம்பரம்: "5000 முடி உத்தரவாதம். ஒரே நாள். ஹோட்டல், கார், படகுச் சவாரி." படகைப் பார்த்ததும் மனதளவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கயல் அனுப்பிய பட்டியல், கேட்டே ஆக வேண்டியவை:
1. டாக்டர் பெயர், பதிவு எண். நாமே சரிபார்க்க.
2. தோலில் கை வைப்பது அவரா, வேறு ஆளா?
3. ஒரு நாளைக்கு எத்தனை தலை?
4. ரத்தப் பரிசோதனை உண்டா? பிரஷர் மாத்திரை பற்றி விசாரிக்கிறார்களா?
5. ஊர் திரும்பியபின் சீழ் பிடித்தால் யாரைக் கூப்பிடுவது?
6. அப்பா பேசக் கூடாது.

ஆறாவது எதற்கு என்று விளங்கவில்லை.

ஏஜென்ட் வந்தார். டை கட்டியிருந்தார். தனம் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், "அஞ்சாயிரம் முடி" காதில் விழுந்ததும் எழுந்து வந்துவிட்டாள்.

"அஞ்சாயிரம் முடியா? யப்பா, ஏக்கர் கணக்கா நடலாமே. இவரு மண்டை ரெண்டு ஜாண்தான் தம்பி."

தனம் களமருதூர்க்காரி. கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் நடவு வேலை. பறித்த நாற்றைக் கைப்பிடி அளவில் கட்டுவார்களே, அந்தக் கட்டுக்கு அங்கே முடி என்றுதான் பெயர். அவள் நினைத்தது அந்த முடி.

ஏஜென்ட் சிரித்தார். "ஆன்ட்டி, முடின்னா தலைமுடி."

"அப்ப கட்டா, ஒத்தையா? ஒரு குத்துக்கு எத்தினி நாத்து வெப்பீங்க?"

"அது... மொத்தமா அஞ்சாயிரம் ஆன்ட்டி."

"நாத்து எங்கேர்ந்து பறிப்பீங்க?"

"பின்னந்தலையிலேர்ந்து."

"பறிச்ச எடத்துல திரும்ப மொளைக்குமா?"

இங்கே ஏஜென்ட் தண்ணீர் குடித்தார். "மொளைக்காது. ஆனா வெளியில தெரியாது ஆன்ட்டி."

"அப்ப ஒரே நாத்தங்கால். ஒரே வெள்ளாமை. சரி, நடுறது மேஸ்திரியா, ஆளா?"

"எங்க டீம்."

"டீமுக்குப் பேரு இல்லியா?"

நெட்வொர்க் சரியில்லை என்பதை மட்டும் மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டு மறைந்தார்.

இரண்டு மாதமாக முன்னந்தலையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னந்தலை ஞாபகமே வரவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது காதுக்குக் காது ஓடும் அந்த ஒரு பட்டைதான். கண்டவன் கையில் போனால் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கயலும் அந்த ஏஜென்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படகு போச்சு.

ஜனவரி 29, வியாழன்

கயல் வேறு ஒரு டாக்டரைப் பிடித்திருக்கிறாள். அதே இஸ்தான்புல். பெண் டாக்டர். பதிவைத் தானே தேடிப் பார்த்தாளாம். அவரிடம் போன வருடம் செய்துகொண்ட இரண்டு பேரிடம் போனில் பேசினாளாம். என் ரத்தப் பரிசோதனைத் தாள் போய்விட்டது. மாத்திரைப் பெயர்கள் கேட்டார். தலையை ஐந்து பக்கமும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். மண்டைக்கு ஐந்து பக்கம் உண்டு என்பதே இன்றைய செய்தி.

எத்தனை முடி என்று மட்டும் சொல்ல மாட்டாராம். நேரில் பார்த்த பிறகுதான் எண்ணிக்கை. ஒரு நாளைக்கு ஒரு தலைதான்.

எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி ஆனது. தனத்துக்குக் கம்மி. "வயலைப் பாக்காமயே இத்தினி முடி வோணும்னு சொல்றவன் கையில எவன் நாத்தைக் குடுப்பான்?"

பிப்ரவரி 4, புதன்

இஸ்தான்புல். குளிர். மூக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

விமானத்திலிருந்து பார்த்தால் மேகம் கீழே. கல்வராயன் மலையில் மேகம் என் வண்டிக்குள் வந்து போவதைப் பார்த்தவன்தான், ஆனால் மேகத்துக்குக் கூரை மாதிரி மேலே உட்கார்ந்து காபி குடித்தது நம் வம்சத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தனம் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

ஊர் நடுவில் கடல். இந்தக் கரை ஒரு கண்டம், அந்தக் கரை வேறு கண்டமாம். ஆடு மேய்க்கப் போகிறவன் போல ஒருவர் படகில் கண்டம் விட்டுக் கண்டம் போகிறார், கையில் ரொட்டி. கடல்பறவை ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு.

எல்லாவற்றையும் விட, தெருவில் தலைகள்! கறுப்பு நாடா கட்டிய தலை, சிவப்புப் புள்ளி போட்ட தலை, வீங்கிய நெற்றி. வெள்ளைக்காரர், அரபிக்காரர், ஆப்பிரிக்கர். எதிரெதிரே வரும்போது ஒருவர் தலையை ஒருவர் பார்த்து மெல்லத் தலையசைக்கிறார்கள். மனித குலம் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருப்பதை இந்தக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

தனம்: "ஏங்க, இத்தினி பேருக்கா இந்த வியாதி?"
"வியாதி இல்லடி. கவலை."

பிப்ரவரி 5, வியாழன்

மழைத் தூறல். டாக்டரைப் பார்த்தோம். சின்ன உருவம், நரைத்த தலை. கயல் போனில் இருந்தபடி எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

பின்னந்தலையில் ஒரு பூதக்கண்ணாடியை வைத்து முடியை எண்ணத் தொடங்கினார். அரை மணி நேரம் எண்ணினார். என் தலையை இத்தனை மரியாதையாக யாரும் பார்த்ததில்லை.

பிறகு சொன்னார்: முன்பக்கம் மட்டும். உச்சிக்கு இல்லை. எனக்கு இன்னும் உதிரும், அப்போது பின்னந்தலை முடி தேவைப்படும். இப்போதே எல்லாவற்றையும் எடுத்தால் பின்னால் பொட்டல்.

எனக்குக் கோபம். சந்தைக்கு என்ன பதில் சொல்வேன்? கரடி எங்கே குடியிருக்கும்? அறைக்குத் திரும்பினால் ஹோட்டல்காரர் வேறு காதைக் கடித்தார்: அவருக்குத் தெரிந்த இடம் பக்கத்துத் தெருவிலேயே, முழுத் தலையும் நாளைக்கே. போகலாம் என்று கிளம்பியே விட்டேன். ஒரு கை ஸ்வெட்டரில்.

தனம் கட்டிலை விட்டு எழவில்லை. "யோவ். நாத்து பத்தாத வருசம் எங்கப்பா இன்னா பண்ணுவாரு தெரியுமா? வாய்க்கா ஓரமா நாலு பாத்தி நல்லா நட்டுட்டு, மீதியை அப்படியே உட்டுடுவாரு. எல்லா எடத்துலயும் கலைச்சி நட்டவன் களத்துக்கு எதையும் கொண்டாந்ததில்ல. இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது பாரு அந்தம்மா, அவங்க கையில குடு. இல்ல, இப்படியே வூட்டுக்குப் போலாம். எனக்கு இந்த மண்டை பழகிப்போச்சு."

ஸ்வெட்டரைக் கழற்றினேன். கரடிக்கு இடமில்லை. முயலுக்குச் சம்மதித்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

முடிந்தது. உட்கார்ந்தே எழுதுகிறேன், படுக்கத் தடை.

இருந்ததையும் மழித்தார்கள். மரத்துப்போக ஊசி: கல்வராயன் மலைத் தேனீக்கள் குடும்பத்தோடு வந்த மாதிரி. பிறகு வலியே தெரியவில்லை. எடுத்தது டாக்டர். துளை போட்டதும் அவர்தான். வைத்தது இரண்டு நர்ஸ்கள், அவர் கண் எதிரில். மூவரும் முதலிலேயே பெயர் சொல்லி வணங்கினார்கள். மறக்காமல் எழுதிக்கொண்டேன்.

நடுவில் ஓய்வு. டாக்டர் வாசலில் நின்ற தனத்தைக் கூப்பிட்டு, கையுறை, தொப்பி மாட்டிவிட்டு, கண்ணாடித் தட்டைக் காட்டினார். குளிர்ந்த நீரில் வரிசை வரிசையாக என் தலை. லென்ஸ் வழியே தனம் குனிந்து பார்த்தாள். அவள் வலது கை விரல்கள் தன்னால் அசைந்தன. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் சேர்ந்து ஒரு குத்து. இருபத்தைந்து வருடமாகச் சேற்றைத் தொடாத விரல்கள்.

"இதுல ரெண்டு நாத்து. இதுல மூணு. வேரு ஒண்ணுகூட அறுபடல." என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "நடுங்கம்மா."

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மரத்த தலை மட்டும் சிலிர்க்கவில்லை.

ஆயிரத்து அறுநூறு குத்து.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. மலையில் தீ வைத்த வாசனை எங்கோ. தலைக்குத் துணித்தொப்பி.

நட்டதெல்லாம் உதிர்கிறது. காலையில் துண்டில் பதினெட்டு. படம் எடுத்துக் கயல் வழியாக அனுப்பினேன். டாக்டர் மதியத்துக்குள் பதில் போட்டார்: உதிரத்தான் செய்யும், மேலே இருப்பது போகும், வேர் இருக்கும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அன்றே தாளில் எழுதிக் கொடுத்ததுதான். நான் படிக்காமல் மடித்து வைத்தது.

தனமும் இன்று வெள்ளிமலைக்கு வண்டியில் வந்தாள். சந்தையில் சின்னையன்: "கரடி எங்க மாமா?" தொப்பியைக் கழற்றினேன். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

தனம் சின்னையனிடம்: "நட்ட நாத்து மொதல்ல மஞ்சளாத்தான் போவும். ஒனக்குத் தெரியாது, நீ சாமை வெதைக்கிற ஆளு."

இறங்கும்போது நான்கு வளைவு வரைக்கும் உள்கண்ணாடியில் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்ததே கேட்கவில்லை. தனம் கையை நீட்டிக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரோட்டைப் பாருங்க. பச்ச புடிச்சா நான் சொல்றேன்."