பூம்பாறைச் சாலையில் நான்கு கயிறுகள்

சிஸ்டர்,

இன்று காலை அட்டுவம்பட்டி டீக்கடை முன்னால் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. சுற்றுலா வருகிறவர்கள் சேற்றில் ஓட்டி விளையாடும் தடித்த டயர் வண்டி ஒன்றை அதன் மேல் ஏற்றியிருந்தார்கள். மழையில் ஊறிய தேங்காய்நார்க் கயிற்றின் வாடை மூக்கில் பட்டது. கையிலிருந்த டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்து, உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. செண்பகனூரில் நம் மருந்தகத்துக்கு வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் மூன்று சக்கர வண்டி ஒன்றை அனுப்பிவைத்தார். பலூன் போல ஊதிய டயர்கள், சிவப்பு நிறம். ஜீப் போகாத ஒற்றையடிப் பாதையிலும் ஏறும். ஆனால் தார்ச்சாலையில் தூரம் ஓட்ட லாயக்கில்லை. அதனால் ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லர் மாட்டி, அதன் மேல் ஏற்றிக்கொண்டு போவோம். நீங்கள் நர்ஸ், நான் டிரைவர். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து, குடும்பத்தோடு இந்த மலைக்கு வந்தவர் நீங்கள். லாரியை 'லொறி' என்பீர்கள். மருந்தகமே சிரிக்கும், நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்கள் அப்பா தேயிலைப் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கட்டியவர். அவரிடம் பார்த்த முடிச்சு உங்கள் கையில் இருந்தது. பாரத்தை எங்கே நிறுத்தினால் வளைவில் ட்ரெய்லர் வாலாட்டாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தச் சோலியை ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தோம்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், பூம்பாறைக்கு அப்பாலிருந்து ஒருவர் சேறும் சகதியுமாக வந்து நின்றார். மனைவிக்கு வலி கண்டு ஒரு இரவு கழிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. ஊருக்கு ரோடு கிடையாது.

வண்டியை ட்ரெய்லரில் ஏற்றினேன். எடை அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி நிறுத்தி, கியரில் போட்டு, பிரேக்கை இறுக்கினேன். நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முன்னால் இரண்டு கயிறு, பின்னால் இரண்டு கயிறு, நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டினோம். ஹேண்டிலில் நீங்கள் ஒருபோதும் கட்டியதில்லை. "திரும்புற சாமானை நம்பிக் கட்டக் கூடாது" என்று சொல்லி, கீழே இரும்புச் சட்டத்தில்தான் கட்டுவீர்கள். டயர் கொஞ்சம் நசுங்கும்வரை இழுத்தோம்.

அந்த மனிதர் தவித்தார். "வெரசா போலாம்ங்க! கயிறு கெடக்கட்டும், அங்க அவ உசுரு போகுதுங்க!"

நீங்கள் நிமிரவில்லை. "அவசரந்தாண்ணே. அதுக்குத்தான் கட்டுறோம்."

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னீர்கள். மழையில் இறங்கி, தளர்ந்திருந்த ஒரு கயிற்றை மறுபடி இறுக்கினீர்கள். ஜீப்பில் அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உங்களுக்கும் அது கேட்டிருக்கும். முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு வரவில்லை நீங்கள்.

பூம்பாறைக்கு முந்தைய வளைவொன்றில் சாலையின் இடது ஓரம் சரிந்தது. ஜீப்பைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல் ஒரு வெட்டு. பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பார்த்தேன். ட்ரெய்லரின் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"மொதல்ல அண்ணன் எறங்கட்டும். பொறகு நான். நீங்க பிரேக்க விடாதீங்க" என்றீர்கள், ஊசி போடும்போது பேசுகிற அதே குரலில்.

அந்த நேரம் பார்த்து மூடுபனி விலகியது. அடியில், எவ்வளவோ கீழே, பள்ளத்தாக்கு முழுவதும் வெயில் விழுந்து பச்சையாக மின்னியது. அதன் மேல் சாய்ந்து நின்றது அந்தச் சிவப்பு வண்டி. ஒரு விரல்கடைகூட நகரவில்லை. அது சரிந்திருந்தால் ட்ரெய்லர் கவிழ்ந்து, ஜீப்பையும் என்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். கயிறுகள் விறைத்து முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எத்தனையோ முறை மாதா கோயில் பூசையில் மண்டியிட்டிருக்கிறேன். அப்படி ஒரு மௌனம் எனக்குள் அதற்கு முன் இறங்கியதில்லை.

எதிரே வந்த பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடிவந்தார்கள். பாரத்தோடு ட்ரெய்லரைத் தூக்கிச் சாலையில் வைத்தார்கள். "ஏலே, ஆணி அடிச்சாப்புலல்ல கெடக்கு!" என்று ஒரு பெரியவர் வண்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் அதற்குள் ஜீப்பில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, "போலாம்ண்ணே" என்றீர்கள்.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் வண்டியை இறக்கினோம். நான் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து வந்தீர்கள். அவர் வழிகாட்டி முன்னால் ஓடினார். அந்த வீட்டுக்குள் நீங்கள் நுழைந்த பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. கால் முன்னால் வந்த பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். வாசலில் நின்றபடி அதன் முதல் அழுகையைக் கேட்டேன். தாயும் பிழைத்தாள். பெண் குழந்தை.

பொழுது சாய்கிற நேரம் ட்ரெய்லருக்குத் திரும்பினோம். வழக்கம்போல் உங்கள் பக்கத்துக் கயிற்றை எடுத்தீர்கள். முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டீர்கள், விழவில்லை. பார்த்தால் உங்கள் இரண்டு கைகளும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"என்னாச்சு சிஸ்டர்?"

"ஒண்ணுமில்லண்ணே. காலையிலேருந்து வர வேண்டிய பயம், இப்பத்தான் வருது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. உங்களை உட்காரச் சொல்லிவிட்டு நான்கு கயிற்றையும் நானே கட்டினேன். பயமே அறியாதவர் என்று அதுவரை உங்களை எண்ணியிருந்தேன். அன்று நீங்கள் என் கண்ணுக்கு இன்னும் உயரமாகத் தெரிந்தீர்கள். அத்தனை பயத்தையும் ஒரு பக்கமாக நிறுத்திவைத்துவிட்டு, ஒரு பிள்ளையை இந்த உலகத்துக்கு இழுத்துவந்திருக்கிறீர்கள்.

மருந்தகத்தை விட்ட பிறகு நான் டாக்ஸி ஓட்டினேன். நீங்கள் காலமான செய்தி, வண்டி நிறையப் பயணிகளோடு மலை இறங்கத் தயாராக நின்றபோது வந்தது. சின்னக் குழந்தைகள் இரண்டு பின்சீட்டில் பாடிக்கொண்டிருந்தார்கள். கிளம்பினேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, கியர் மாற்றி, ஒழுங்காக ஓட்டினேன். வத்தலக்குண்டில் அவர்களை இறக்கிவிட்டு, பெட்டிகளை எடுத்துக் கொடுத்து, குழந்தைகளுக்கு டாட்டா காட்டினேன். பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன்.

அதன் பிறகுதான் கை நடுங்கத் தொடங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன், சிஸ்டர்.