வெள்ளிக்கிழமை வேலை

மச்சான்,

உன் ஹெட்ஃபோனின் மெத்தைத் தோல் இன்று என் கையோடு உரிந்து வந்துவிட்டது. இடது பக்கம் மட்டும். வலது பக்கம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் உன் தலையெண்ணெய் வாசனை இன்னும் அடிக்கிறது. இதை என்னிடம் கொடுத்தபோது உன் அம்மா, துடைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நானும் துடைக்கவில்லை. பிசுபிசுப்பாகத்தான் இருக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொன்னதற்கே என்னைத் திட்டியிருப்பாய்.

நம் தோட்டம் கைமாறி லயத்து வீடுகளை இடித்தபோது நீங்கள் செமோரிலேயே தங்கிவிட்டீர்கள், நாங்கள் சிலிபினுக்கு வந்தோம். ஆனாலும் நம் இருவருக்கும் ஒரே பிழைப்புதான். பழைய வேன் ஒன்று, நான்கு ஸ்பீக்கர்கள், ஈப்போ சுற்றுவட்டாரத்துக் கல்யாண விருந்துகள். பாட்டு உன் பொறுப்பு, வயர் என் பொறுப்பு. வேனை மட்டும் என்னை ஓட்டவே விடமாட்டாய். "நீ பேசிக்கிட்டே வா, நான் ஓட்டுறேன்" என்பாய். பெரிய ரேஸ்காரன் என்று உன்னை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன்.

சுங்கை சிப்புட்டில் உனக்குப் பெண் பார்க்கப் போனது நினைவிருக்கும். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெர்மனண்ட் வேலையா தம்பி?" நீ "ஃபங்ஷன் இருந்தா வேலை அங்கிள்" என்று உண்மையைச் சொன்னாய். டீயும் பலகாரமும் மரியாதையாக வந்தன. பதில் வரவில்லை. அன்றிலிருந்து உனக்கு ஒரே வெறி. ஈப்போ கிளப் ஒன்றில் வெள்ளிக்கிழமை உன்னுடையது என்று ஆக வேண்டும். வாராவாரம், ஃபங்ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பழைய டவுனில் கடைவீட்டின் மாடியில் இருந்த அந்தக் கிளப்பின் சீன முதலாளி உனக்கு, அங்கே வழக்கமாக வாசிக்கும் பெரிய டிஜே ஏறுவதற்கு முந்தைய முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் வாசித்துப் பார்க்கக் கொடுத்தார். அங்கே நீ செய்த தப்பைக் கல்யாண வீட்டு ஆள் ஒருவன்தான் செய்ய முடியும். விருந்தில் சோற்றுத் தட்டு எடுப்பதற்குள் மாமன்மார்களை ஆட வைக்காவிட்டால் நமக்குத்தான் பேச்சு. அதே பழக்கத்தில், ஆட்கள் வந்து உட்காரும் முன்பே உறுமி மேளத்தைக் கலந்து முழுச் சத்தத்தில் போட்டுவிட்டாய். மொத்தக் கூட்டமும் ஆடியது. ஆடி வியர்த்து, பசி எடுத்து, கீழே சாப்பிடப் போய்விட்டது. பெரிய டிஜே வந்து நின்றபோது எதிரில் காலித் தரை. முதலாளி உன் தோளைத் தட்டினார். "பாகுஸ். தாப்பி பெலும் லா." நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் இல்ல.

"ஆட வச்சதுக்கு வேலை இல்லையாம்டா" என்று வேனில் புலம்பினாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

ஆனால் விடவில்லை. வாராவாரம் போய் நின்றாய். வயர் சுற்றினாய். தரை கழுவிய மருந்து வாசனை போகாத நேரத்தில் நாலு பேருக்கு முன்னால் வாசித்தாய். "ஆட விடக்கூடாதுடா. ஆடணும்னு நெனைக்க விடணும். அதான் வேலை" என்று ஒருநாள் சொன்னபோது, நீ தேறிவிட்டாய் என்று எனக்குத் தெரிந்தது. இடது காதில் ஹெட்ஃபோனை வைப்பாய், எடுப்பாய், மறுபடி வைப்பாய். மற்ற டிஜேக்கள் ஒரு காதை அடுத்த பாட்டுக்கும் மறு காதைக் கூட்டத்துக்கும் கொடுத்துவிட்டு நிற்பார்கள். நீ இப்படிச் செய்வதைப் புது ஸ்டைல் என்று நினைத்து இரண்டு பேர் உன்னைப் பார்த்துச் செய்யவும் தொடங்கினார்கள்.

அந்தப் பெரிய டிஜே கோலாலம்பூருக்குப் போனதும் வேலை உனக்கு வந்தது. சிலிபின் தண்ணிக்கடையில் டீ குடிக்க வந்து, எப்போதும் போல என் வலது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "பெர்மனண்ட்லா மச்சான். வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து." உன்னை அப்படி ஒரு முகத்தோடு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை. சத்தம் சோதிக்கச் சீக்கிரமே செமோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினாய். வழியில் குழியை ஒதுக்கி வலது பக்கம் வளைத்தாய். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் போலீஸ் நிலையத்தில் எல்லாரிடமும் அழுதார். "ஹாரன் அடிச்சேண்ணே. அடிச்சிக்கிட்டே வாரேன், அவரு திரும்பிக்கூட பாக்கல." பொய் சொல்கிறான் என்று நம் பையன்கள் அவரை அடிக்கப் போனார்கள். தடுத்தவன் நான், ஆனால் நானும் நம்பவில்லை.

மறுநாள் உன் வீட்டு வாசலில் உறுமிக்காரர்கள் வந்து நின்றார்கள். நீ கிடந்த பெட்டியின் வலப்பக்கம் இடம் இருந்ததால் அங்கே நின்று அடிக்கத் தொடங்கினார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா எழுந்தார்.

"இந்தப் பக்கம் வந்து அடிங்கய்யா. அவனுக்கு அந்தக் காது கேக்காது."

அவர்கள் சுற்றி வந்து இடது பக்கம் நின்று அடித்தார்கள். வேன், தண்ணிக்கடை நாற்காலி, ஸ்டைல் என்று நினைத்தது, எல்லாம் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷமும் என்னை உன் இடது பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறாய். "வெளிய தெரிஞ்சா எவனும் வேலை குடுக்கமாட்டான்னு என் வாயக் கட்டிட்டான்" என்றார் அம்மா. என்னிடமுமா, மச்சான்? எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. உனக்காக அழ உட்கார்ந்தாலும் அந்தக் கோபம்தான் முதலில் வருகிறது.

வெறுமையாகக் கிடந்த வெள்ளிக்கிழமைக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார். முதலில் மாட்டேன் என்றேன், பிறகு போனேன். உன் பாட்டுகளை நீ கற்ற வரிசையில், நீ வைத்த அளவுச் சத்தத்தில் வாசிக்கிறேன். கூட்டம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டுக்காரர் இன்று என்னைக் கேட்டால், ஆமாம் அங்கிள், பெர்மனண்ட் என்று சொல்லலாம்.

வேலைக்குப் போகும் முன் செமோரில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். பழக்கத்தில் அவர் என் இடது பக்கமாகவே வந்து நின்று பேசுகிறார். நான் திருத்துவதில்லை. பிறகு அதே ரோட்டில் மோட்டாரை எடுக்கிறேன். வலது பக்கம் லாரி வருவது எனக்குத் தூரத்திலேயே கேட்டுவிடுகிறது. ஓரம் கட்டி நிற்கிறேன். அது என்னைத் தாண்டி, சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் கிளம்புகிறேன்.