தாமதத்துக்கு வருந்துகிறோம்

அன்பு மகளே,

பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் "சாரி" என்பேன். நம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எல்லோரும் அப்படித்தான். ஸ்டேஷன் மைக்கில் ரயில் தாமதத்துக்கெல்லாம் "வருந்துகிறோம்" என்பது என் பிழைப்பு.

ஞாயிறு விருந்தில் உன் காதலன் கிரெக் முன்னால், "இவளை எவன்பா ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கியிருக்கான்?" என்று சிரித்தேன்.

"போதும்ப்பா" என்று எழுந்துவிட்டாய்.

வாசல்வரை பின்னால் வந்தேன். சாரி, மன்னிச்சுடும்மா, தப்பு என்மேலதான்... எதுவுமே வாயில் வரவில்லை. "குடை எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

மறுநாள் உன் ரயில் சரியான நேரத்துக்கே வந்தது. இருந்தும் மைக்கில், "தாமதத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றேன்.

என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நீ மட்டும் ஒலிபெருக்கியைப் பார்த்தாய்.

தலைகுனிந்து,
அப்பா