பதினொன்றாம் நம்பர் ரூமில் ஆறு குரல்

சாத்தூர்
17.8.2008

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க இருக்கன்குடி மாரியம்மா துணை இருப்பாள். முந்தாநாள் ஆடிக் கடைசி வெள்ளிக்குப் போய் உன் பெயருக்கு மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆலங்குளத்துக்குச் சிமெண்ட் லோடு ஏற்றப் போக வேண்டாம் என்றால் காது கேட்காதவர் மாதிரி எழுந்து போய்விடுகிறார். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அதையும் நீ பதிவு பண்ணிவிடுவாயோ என்று பயம்தான். கோபித்துக்கொள்ளாதே, நீ பண்ணாவிட்டாலும் நடுவில் எவனாவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

விஷயம் உன் போட்காஸ்ட் பற்றியது. சித்திரையில் நீ வந்திருந்தபோது அந்த விரல் நீள மெஷினை வைத்துக்கொண்டு எங்கள் ஆறு பேரையும் இருளம்மாள் வீட்டில் உட்கார வைத்தாயே, அன்றைக்கே எனக்கு மனசு சரியில்லை. ஃபேனை நிறுத்தச் சொன்னாய், கோழியை விரட்டச் சொன்னாய், எதிரொலி வராமல் இருக்க ஜன்னலுக்கும் சுவருக்கும் போர்வை கட்டினாய். பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பொம்பளைகள் உள்ளே என்ன பண்ணுகிறார்கள் என்று தெருவே கேட்டது. வாய்க்கும் மெஷினுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கட்டும், முதலில் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள் என்றாய். எங்களுக்குப் பெயரை மட்டும் சொல்லத் தெரியுமா? தினம் காலையில் பட்டாசுக் கம்பெனி கேட்டில் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி, பெயரோடு வேலை பார்க்கிற ரூம் நம்பரும் சேர்ந்தேதான் வாயில் வரும். இருளம்மாள், பதினொன்றாம் நம்பர் ரூம் என்றாள். சொர்ணலட்சுமி இருமிக்கொண்டே, பதினொன்றாம் நம்பர் ரூம் என்றாள். நானும் அப்படியே சொன்னேன். ஆறு பேரும் சொன்னோம். நீ சிரித்தாய், அழகாக இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்றாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் இருளம்மாளும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் போய் அதைக் கேட்டோம். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. சொர்ணலட்சுமி இருமலைக் காணோம். அவள் மூச்சு விடுவதற்குள் நாலு தரம் இருமுகிறவள், இங்கே மணி மணியாகப் பேசுகிறாள். எடிட்டிங் என்று நீ சொன்னது இதுதானா? வெட்டிய தடமே தெரியவில்லை. தடம் தெரியாமல் வெட்டத் தெரிந்தவனுக்கு ஒட்டவும் தெரியும்தானே. நான் சொல்லாததை என் குரலிலேயே சொன்னதாக நாளைக்கு ஒட்டினால் நான் யாரிடம் போய் நிற்பது? உனக்கு உதவி செய்கிற அந்த மணிகண்டராஜ் யார், எந்த ஊர், காசு வாங்காமல் எதற்காக உட்கார்ந்து வெட்டிக்கொடுக்கிறான்? இருளம்மாள் கேட்டாள், "யக்கா, நம்ம பேச்சை எங்கன வச்சிருக்காகளாம்?" என்று. அமெரிக்காவில் ஒரு கம்பெனி இலவசமாக இடம் கொடுக்கிறது என்று நீ சொன்னதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டாயே, அதில் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா?

ஒருவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புதன்கிழமை சாயங்காலம் எங்கள் போர்மேன் ரத்தினசாமி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் எங்கள் வாசலை மிதிக்காத மனிதர், கையில் அரைக் கிலோ சேவுப் பொட்டலத்தோடு வந்தார். அப்பாவிடம் முழங்கால் எப்படி என்று விசாரித்தார். பிறகு மெதுவாக, "ஓம் மக ரேடியோ மாதிரி என்னமோ நடத்துதாம்ல, எம் மருமகன் பெங்களூர்ல கேட்டிருக்காரு, நல்லா இருக்குன்னாரு" என்றார். நான் பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்தேன். "ரூமுக்கு நாலு பேருன்னுதான் சட்டம், சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கு. நீங்க ஆறு பேரு ஒரே ரூம் நம்பரைச் சொன்னா கேக்குற ஆபீசர் என்ன நெனைப்பாக? சீசன் நேரத்துல ஆர்டரெல்லாம் குமிஞ்சு கெடக்கு. கம்பெனியைப் பூட்டுனா ஒங்களுக்குத்தேன் நட்டம். வெட்டுறது ஒட்டுறதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும்ல, ரெண்டு பேரை எடுத்துரச் சொல்லு, அம்புட்டுத்தேன்" என்றார். எந்த இரண்டு பேரை என்று கேட்டேன். சொர்ணலட்சுமியையும் என்னையும் என்றார்.

இதை உன்னிடம் இத்தனை நாள் சொன்னதில்லை வேல்விழி. நீ படிக்கிறபோது சொன்னால் படிப்பில் மனசு போகாது என்று விட்டேன், வேலைக்குப் போன பிறகு சொன்னால் என்னை வேலையை விடச் சொல்லுவாய் என்று விட்டேன். பெரிய நோட்டில் எங்கள் ரூமுக்கு நாலு பெயர்தான். எனக்கும் சொர்ணலட்சுமிக்கும் கணக்குப்பிள்ளை சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு, சனிக்கிழமை சம்பளம் கொடுத்ததும் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். ஆபீசர் வருகிறார் என்று தகவல் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் பின்பக்கம் பேப்பர் குடோனுக்குப் போய்விட வேண்டும். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், மணிகண்டராஜைச் சந்தேகப்பட்டேன், முகம் தெரியாத முந்நூறு பேரையும் சந்தேகப்பட்டேன். அண்ணாச்சி போன பிறகுதான் உறைத்தது. அந்த ரூமில் ஏதாவது ஆனால் நோட்டைப் பார்த்து நாலு பேரைத்தான் தேடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருந்தோம் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அத்தாட்சி நீ பிடித்த அந்தப் பதிவுதான். அதையும் என் மகள் கையாலேயே வெட்ட வேண்டுமாம். எனக்கு அழுகை வந்தது. சேவுப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை, உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆறு பேரும் இன்றைக்குக் கூடிப் பேசினோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் எல்லாரும் கேட்கிற இடத்திலிருந்து அதை எடுத்துவிடு, தீபாவளி வரைக்கும் எங்களுக்கு வேலை வேண்டும். ஆனால் யாரையும் வெட்டாதே. முதலில் பிடித்தது இருக்குமே, சொர்ணலட்சுமி இருமலோடு, கோழிச் சத்தத்தோடு, அதை முழுசாக வைத்துக்கொள். ஒரே இடத்தில் வைக்காதே, இரண்டு இடத்தில் வை, இரண்டையும் அந்தப் பையனிடம் கொடுக்காதே. போனைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு இருளம்மாள் செல்லுக்குக் கூப்பிடு. ஆறு பேரும் பெயரும் ரூமும் சொல்கிறோம், தேதி போட்டுப் பதிவு பண்ணு. எந்த ஞாயிறாவது ஒரு குரல் குறைந்தால் உடனே யார் என்று கேள்.

மழையில் நனையாதே, ராத்திரி கண் விழித்து எடிட்டிங் பண்ணாதே. நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் வருகிற முதல் ஞாயிறு பத்து மணி, மறந்துவிடாதே.

உன் அம்மா,
மு. வேலுத்தாய்,
பதினொன்றாம் நம்பர் ரூம்.