கால் அசைந்தால் எரியும் விளக்கு

ஜனவரி 11, சனி

காலையிலிருந்து மழை. பத்திரிகைக்குச் செய்தி ஒன்றும் அனுப்பவில்லை. வீட்டு முன்வளவில் மருமகன் ரிஸ்வான் நடத்தும் கார் கழுவும் இடத்துக்குப் புது விளக்கு பார்க்கும் வேலை. இரண்டு கூடம். இப்போது இருப்பது ஐந்நூறு வாட் பழைய போகஸ் விளக்குகள். வெளிச்சத்தைவிடச் சூடு அதிகம். வருமானத்தில் பெரும்பங்கு கரண்ட் பில்லுக்கே போகிறதாம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மகள் சப்னா சொன்னாள். கட்டார் ஏஜென்சிக்காரர் திரும்பவும் கூப்பிடுகிறார், சாரதி வேலை, அடுத்த கிழமை பதில் வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள். அவளுக்கு ஏழாம் மாதம். "இங்க தொழில் ஓடினா அவர் ஏன் வாப்பா போறார்?"

போகாதீர்கள் என்று நான் எப்படிச் சொல்வது? பெண் வீட்டோடு வந்து வாழும் மாப்பிள்ளை. நான் சொன்னால் கட்டளையாகிவிடும். விளக்கு வாங்கிக் கொடுக்கலாம்.

ஜனவரி 13, திங்கள்

விசாரணை. காரைதீவில் கார் கழுவும் ஒருவர் பளிச்சென்ற வெள்ளை எல்.ஈ.டி. போட்டிருக்கிறார். வயற்பூச்சி முழுவதும் அங்கேதான். ஈரக் காரில் ஒட்டிய பூச்சிக்காகத் திரும்பக் கழுவுகிறார். ஆகவே சற்று மஞ்சள். ஐம்பது வாட் போதும். தண்ணீர் புகாத மூடி. கடற்காற்றுக்கு இரும்புச் சட்டம் ஆகாது.

கல்முனைக் கடைக்காரர் இன்னொன்றும் காட்டினார். சென்சர். ஆள் அசைந்தால் எரியும், இல்லாவிட்டால் தானாக அணையும். எனக்கு மிகவும் பிடித்தது. மாலையே விளக்கும் சென்சருமாகக் கூரையில் பூட்டியாயிற்று. ரி. பார்த்துவிட்டு, "நல்லம் மாமா" என்றார்.

ஜனவரி 16, வியாழன்

மழை விட்டது. மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டது, நூலால் கட்டியிருக்கிறேன்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டியதும் ஜன்னலால் பார்த்தேன். ஒரு வான் வண்டியின் திறந்த கதவுக்கு வெளியே ரி.யின் ஒற்றைக் கால். உதைக்கிறது. நின்றது. கூடம் இருண்டது. மறுபடி உதைத்தது. எரிந்தது. வலிப்போ என்று பயந்து எழுந்தேன்.

சப்னா சிரித்தாள். வண்டிக்குள் தலையை விட்டுச் சீற் துடைத்தால் சென்சருக்கு ஆள் தெரிவதில்லையாம். பூட்டிய நாளிலிருந்து இப்படித்தானாம். "மாமா ஆசையா வாங்கித் தந்தது, செல்லிராத எண்டு என்னட்ட சத்தியம் வாங்கினவர். நான் செல்லல்ல வாப்பா. நீங்களாத்தான் கண்டீங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. ரி.யைக் கேட்டேன்: "மகன், அது உங்கட இடம். விளக்கு எப்பிடி வேணும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சென்சர் சரிவராது மாமா."

பிறகு பேச்சு நிற்கவில்லை. கூரையில் பூட்டியதும் பிழையாம். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் கதவுக்குக் கீழே நிழல், சேறு தெரியாது. இரண்டு பக்கச் சுவரிலும் தோளளவில் வேண்டும். கூடத்துக்கு ஒரு சுவிட்ச், தண்ணீர் தெறிக்காத இடத்தில். கூரையில் வெளிச்சம் வரும் தகடு இரண்டு போட்டால் பகலில் விளக்கே தேவையில்லை. கலியாணம் முடித்து வந்தபின் என்னோடு இவ்வளவு கதைத்ததில்லை. சப்னா கறிச்சட்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏன் முதல்ல செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே மாமா."

முப்பது வருடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான்.

ஜனவரி 19, ஞாயிறு

நல்ல வெயில். கூரை விளக்குகளை இறக்கும் வேலை. ரி. ஏணியில், நான் கீழே. போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். வாசலில் சப்னா, கை வயிற்றில்.

ஏணியில் நின்றபடியே கதைத்தார். "இல்ல, வேற ஆளப் பாருங்க. எனக்கு இங்க வேலை இரிக்கி."

போனைப் பைக்குள் போட்டார்.

"மாமா, ஏணி ஆடுது. இறுக்கிப் பிடிங்க."

பிடித்தேன்.