ஏழாம் நம்பர் ஆசாமி

ஏப்ரல் 6, திங்கள்

வெயில். சூரியன் எங்கள் பால்கனியில் பாய் போட்டுப் படுத்துவிட்டான். கூலருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றவில்லை.

அக்கா மகள் வித்யா வந்தாள். கையில் கல்லூரிக் கட்டுரை, முதல் வரைவு. தளேகாவ் தொழிற்சாலை ஆட்களும் லோக்கல் ரயிலும் பற்றி. பேராசிரியை திருத்தியிருக்கிறாள், குருக்ஷேத்திரத்தில்கூட இவ்வளவு சிவப்பு ஓடியிருக்காது. வெள்ளிக்குள் சரிசெய்து தராவிட்டால் டிகிரி நிற்கும். ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனியில் கிடைத்த வேலையும் போச்சு.

"மாமா, ஃபேக்டரில இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதினவர்தானே நீங்க? கொஞ்சம் பாருங்க நா."

இருபத்தேழு வருஷம் போல்ட்டுகளுக்கு மரண தண்டனை விதித்த சக்கரவர்த்தி நான். "வை" என்றேன்.

ஏப். 7, செவ்வாய்

வெட்டியவை: ஆதிமனிதன் நடந்த கதை, ஒன்றரைப் பக்கம். மூன்று இடத்தில் வந்த ஒரே மேற்கோள். நன்றியுரையில் பூனை. (பூனை இருக்கட்டும்.)

பிறகு பேட்டிகள். பெயர் கிடையாது, நம்பர்தான். ஏழாம் நம்பர் ஆசாமி சொல்கிறான்: ஒரு பெட்டியில் ஆயிரம் பேராம். கட்கியிலிருந்து தளேகாவ் வரை கால் தரையில் படாதாம். நின்றபடியே தூங்கி, கனவில் கல்யாணமே முடித்தானாம். அண்டப்புளுகன்! ஓரத்தில் பேராசிரியை: 'நம்பத்தக்கவர் அல்ல. முழுதும் நீக்கு.' அந்த அம்மாள் மேல் முதல் மரியாதை. நானும் ஒரு கோடு இழுத்தேன், காகிதம் கிழிய.

ஏப். 8, புதன்

வித்யாவுக்குப் போன். "யாருடி அந்த ஏழு? தண்ணி போட்டுட்டு வந்து பேட்டி குடுத்தானா?"

அவள்: "அரே மாமா, அது நீங்கதான். தீபாவளிக்கு ரெக்கார்ட் பண்ணேனே."

என் பேச்சு இங்கிலீஷில் கோட்டுப் போட்டு வந்ததால் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. கூலரை உதைத்தேன். கட்டைவிரல் பூசணிக்காய்.

சரோஜா அடுப்படியிலிருந்து: "உங்க வாயை நம்பி ஒரு பொண்ணு டிகிரி வாங்கணுமாக்கும்!"

கட்டிய மனைவியே எதிரணி. சாப்பிடவில்லை. (இரண்டு தோசை.)

ஏப். 9, வியாழன்

ஏழாம் நம்பரை மறுபடி படித்தேன். ஆயிரம் பேருக்கும் கனவுக் கல்யாணத்துக்கும் நடுவே ஒரு வரி: 'நண்பர் ஒருவர் படியிலிருந்து விழுந்து காலை இழந்தார்.' அதுவும் சிவப்புக் கோட்டுக்குள்.

அந்த நண்பன் தத்து. அவன் கால் பொய்யா? அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கி முட்டா ஆற்றில் போடுகிறேன் என்று சட்டையை மாட்டினேன். மூன்றாவது பொத்தானில் கை நின்றது. ஒரு பெட்டியில் நாலு போல்ட் சொத்தை என்றால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பியவன் நான். நல்லதும் சேர்ந்துதான் போகும்.

சொத்தையை அள்ளிப் போட்டவனும் நான்தான். சட்டையைக் கழற்றி எறிந்தேன்.

ஏப். 10, வெள்ளி

காலை ஏழு மணி. மறுபடி ரெக்கார்டிங். வித்யா போனை மேஜையில் வைத்தாள். "மாமா, ப்ளீஸ். மசாலா வேண்டாம்."

பெட்டியில் எத்தனை பேர்? எண்ணவில்லை. நிற்க இடம்? ஒரு காலுக்கு இருந்தது. முறைத்தாள். "நிஜம்டி, கழுதை."

தத்து? எல்லாருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே வண்டி. அவன் வாசலில், நான் உள்ளே. அவன் சாப்பாட்டு டப்பா என்னிடம். தளேகாவுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தான். இடது கால். கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

"அப்புறம்?"

அவ்வளவுதான். டப்பா இன்னும் சூடாக இருந்தது.