அஜி எண்ணும் தலைகள்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து மழை. இதெல்லாம் நடக்கும் என்று முன்னமே சொன்னவன் நான். தங்கச்சி மகன் அஜி ஜெயில் வார்டராகச் சேர்ந்த அன்றே, "இந்த உத்தியோகம் ஆளைத் தின்னும்" என்று பாறசாலை ரயில் ஸ்டேஷனில் நூறு பேர் கேட்கச் சொன்னேன். நூறு இல்லாவிட்டாலும் பத்து.

போன மாதம் அவன் ட்யூட்டியில் ஒரு கைதி உயிரை மாய்த்துக்கொண்டான். காலையில் தலை எண்ணும்போது ஒன்று குறைந்ததாம். அதிலிருந்து அஜிக்கு உறக்கமில்லை. லீவு போட்டு வந்திருக்கிறான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் எங்களை விரல் நீட்டி எண்ணினான்.

"ஒண்ணு கொறையுது."

நான், தங்கச்சி, மச்சான், அவன். எல்லாரும்தான் இருந்தோம்.

ஐப்பசி 10, செவ்வாய்

வெயில். வாங்கியது: மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன், பிளேடு. பிளேடைத் தங்கச்சி பிடுங்கி ஒளித்துவைத்தாள்.

ஜெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கென்று வியாழக்கிழமை கவுன்சிலிங் டாக்டர் வருவாராம். இவன் பேர் கொடுக்க மாட்டான்.

"பேரு குடுத்தா கூட உள்ளவனெல்லாம் சிரிப்பான் மாமா. இவன் கையில சாவி குடுக்கப்பிடாதுன்னு எளுதி வச்சிருவாவ."

"எலே, நான் போயிருக்கேன் ஆக்கும்."

வாய் தானாக ஓடியது. நான் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது, நெய்யாற்றின்கரை வளைவில், படியில் நின்ற ஒருவன் விழுந்து செத்தான். அன்று முதல் படியில் நிற்கும் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டரிடம் ஆறு மாதம் போனேன். என் தைரியத்தைப் பார்த்து அவரே எழுந்து நின்றார். இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அஜி நாலு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"பொறவு எண்ணுறது நின்னுட்டா மாமா?"

"சுத்தமா நின்னுட்டு."

ஐப்பசி 12, வியாழன்

மூட்டம். நேற்று ட்யூட்டிக்குத் திரும்பினான். இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு போன் செய்தான். ஒரு மணி நேரம் பேசினானாம், அழுதானாம். என்னால்தான். சாயாக்கடையில் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அதுவும் பெரிய காரியம்.

"மாமா, ஒங்க கதைய டாக்டர்ட்ட சொன்னேன். இங்க இன்னும் நாலு பேரு என்னப்போல உண்டு, வரமாட்டேன்னு நிக்கானுவ. அடுத்த வியாளன் நீங்க வந்து சொன்னா வருவானுவ."

"வாறேன் மக்கா."

ஐப்பசி 13, வெள்ளி

மழை. முட்டுவலித் தைலம் வாங்க பஸ்ஸில் பாறசாலைக்கு. படியில் ஆறு பேர். ஒரு வளைவில் அஞ்சு. திரும்ப எண்ணினேன், ஆறு. இறங்கும்வரை எண்ணினேன். தைலம் வாங்க மறந்தாயிற்று.

அன்று நெய்யாற்றின்கரை வளைவில் அவன் விழுந்தது நிஜம். டாக்டரிடம் போனதுதான் நான் கட்டிய கதை.